தண்ணீர் வந்த வழி

நுழையும்முன்

ஒவ்வொரு நாளும் நாம் பல நன்மைகளைப் பெறுகிறோம். அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை சில, தெரியாதவை பல. கிடைத்துக்கொண்டே இருக்கும் நன்மை, கிடைக்கிறது என்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிடுகிறது. வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோன ஒரு நாளில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அறிந்துகொண்டது எது என்பதை இப்பாடம் கூறுகிறது.

1

தில்லி மாநகரின் தென்பகுதியில் இராமகிருஷ்ணபுரம் என்னும் இடத்தில் ஒரு குன்று உள்ளது. அக்குன்றின்மீது தமிழ் மக்கள் முயன்று எழுப்பிய சுவாமிநாதர் கோயில் நிற்கிறது. 'மலை மந்திர்' என்று தில்லி மக்கள் அதனை அழைக்கின்றனர். மலை என்னும் தமிழ்ச்சொல்லும் மந்திர் என்னும் இந்திச்சொல்லும் இணைந்து அமைந்த பெயர் அது. அக்கோயிலைச் சுற்றியுள்ள பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று, முனிர்காவின் குறுகிய தெரு ஒன்றில் நான்கு மாடிகள் கொண்ட பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறது.

தந்தை அச்சகம் ஒன்றில் பணிபுரிகிறார். தாய் மருத்துவமனையில் செவிலியர். இருவரும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய ஒரே மகள் மத்தியப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். வகுப்பில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசுகிறாள். தமிழை விருப்பமொழியாகவும் கற்கிறாள்.

ஏப்ரல் மாதத்து முதல் வாரத்தில் தமிழாசிரியை வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். "ஒவ்வோர் இரவும் உறங்கச் செல்லும்முன், அன்று உங்களுக்குக் கிடைத்த மூன்று நன்மைகளை எழுதுங்கள். ஒவ்வொரு நன்மைக்கும் எதிரே அதனைச் செய்தவர் பெயரையும் எழுதுங்கள். ஒரு வாரம் எழுத வேண்டும். ஆனால் 'நன்றி' என்னும் சொல்லை எங்கும் எழுதக்கூடாது" என்றார்.

கடைசி விதி மாணவர்களுக்கு வியப்பளித்தது. நன்றியைப் பற்றிய பயிற்சியில் நன்றி என்று எழுதக்கூடாதா? ஆசிரியை புன்னகை செய்தாரேயன்றி விளக்கம் தரவில்லை.

சிறுமிக்கு அப்பயிற்சி எளிதாகத் தோன்றியது. முதல் நாள், 'மதிய உணவில் எலுமிச்சைச் சோறு – அம்மா', 'கணக்கில் ஏற்பட்ட ஐயத்தைத் தீர்த்தது – கணக்காசிரியர்', 'பேருந்தில் இடம் பிடித்துக் கொடுத்தது – தோழி' என்று எழுதினாள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஏறத்தாழ அதே பெயர்கள் வந்தன. இன்னும் நான்கு நாள் இதையே எழுத வேண்டுமா என்ற சலிப்பும் எழுந்தது.

நான்காம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை.

2

பல் துலக்கும் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் குழாயைத் திருகினாள். குழாய் இருமுறை இருமியது, ஒரு சொட்டு விழுந்தது, பிறகு ஓய்ந்தது. குளியலறை வாளியில் கால்பங்குத் தண்ணீர் இருந்தது. இரவுப் பணி முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த தாய், குளிக்க வழியின்றிக் கால்களை மட்டும் கழுவிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். குடிப்பதற்காக வைத்திருந்த தண்ணீரில் ஒரு குவளை எடுத்துச் சிறுமி முகம் கழுவினாள்.

படிக்கட்டில் குரல்கள் எழுந்தன. முதல் மாடியினர் இரண்டாம் மாடியினரைக் கேட்டனர். இரண்டாம் மாடியினர் மேலே பார்த்தனர். நகர்க் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று ஒருவர் வினவினார். வந்திருந்தது. விடியற்காலையில் வழக்கம்போல் வந்து, தரைக்கு அடியிலுள்ள தொட்டி நிரம்பியிருந்தது. அந்தத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரைத்தான் யாரும் இயக்கவில்லை.

"பாபாஜி எங்கே?" என்று ஒருவர் கேட்ட பின்னரே எல்லாரும் படிக்கட்டின் அடியிலுள்ள சிறிய அறையை நோக்கினர். கதவு பூட்டியிருந்தது.

பாபாஜி என்பது அம்முதியவரின் பெயரன்று. கட்டடத்தில் இருந்தோர் அனைவரும் அவரை அவ்வாறு அழைத்தனர். படிக்கட்டைப் பெருக்குவதற்காக அவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுத்துவந்தனர். அவர் வேறு என்ன செய்தார் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்தவரே அதைக் கூறினார். பாபாஜிக்கு முழங்கால் வீங்கி நடக்க இயலாமல் போய்விட்டது. முந்தைய நாள் இரவு அவர் மகன் வந்து, கடவால் மலைப்பகுதியிலுள்ள தம் ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டார். தண்ணீர் விடியற்காலை நான்கு மணிக்கு வரும். ஐந்து மணிக்கு நின்றுவிடும். கடந்த பதினோராண்டுகளாகப் பாபாஜி நாள்தோறும் நான்கு மணிக்கு எழுந்து, தொட்டியில் தண்ணீர் சேரும்வரை காத்திருந்து, மோட்டாரை இயக்கி, மாடித் தொட்டி நிரம்பியதும் நிறுத்திவிட்டுத்தான் மீண்டும் படுப்பார்.

"அதற்கு அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள்?" என்று சிறுமியின் தந்தை கேட்டார்.

யாரும் விடை சொல்லவில்லை. யாரும் கொடுத்திருக்கவில்லை.

3

அன்று மாலை சிறுமி ஊரிலுள்ள அப்பத்தாவுடன் தொலைபேசியில் பேசினாள். வாரத்தில் இருமுறை அவ்வாறு பேசுவது அவள் வழக்கம்.

"அப்பத்தா, இன்று தண்ணீரே வரவில்லை. முகம்கூட ஒழுங்காகக் கழுவாமல் பள்ளிக்குப் போனேன்" என்று குறைபட்டுக்கொண்டாள்.

"அடடா! எப்போதும் யார் தாயி தண்ணீர் ஏற்றுவார்?"

"பாபாஜி ஏற்றுவாராம். எங்களுக்கே இன்றுதான் தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டார்."

"அவர் பெயர் என்ன?"

சிறுமி சற்று நேரம் பேசவில்லை. "பெயர் தெரியவில்லை, அப்பத்தா" என்றாள்.

"சரி தாயி. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்" என்று மட்டும் அப்பத்தா கூறினார். பிறகு தோட்டத்துத் திராட்சைக் கொடிகளைப் பற்றியும், கன்று ஈன்ற பசுவைப் பற்றியும் பேச்சுத் திரும்பியது.

ஆனால் சிறுமியின் மனம் அந்தக் கேள்வியிலேயே நின்றது. அப்பத்தா வீட்டுக் கூடத்தின் சுவர் அவள் நினைவுக்கு வந்தது. அங்குத் தாத்தாவின் படத்துக்கு அருகில் வெள்ளைக்காரர் ஒருவரின் படம் மாட்டப்பட்டிருக்கும். அவர் பெயர் அவளுக்குத் தெரியும். அவர் பிறந்தநாளும் தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குச் செல்லும்போது அதனைக் கண்டிருக்கிறாள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் மறைந்த ஒருவரின் பிறந்தநாள் தெரிகிறது. பதினோராண்டுகள் படிக்கட்டின் அடியில் வாழ்ந்தவரின் பெயர் தெரியவில்லை. அது ஏன் என்று அவள் அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தாள்.

4

அந்த வெள்ளைக்காரர் ஜான் பென்னிகுவிக் என்னும் பொறியாளர். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. மலையின் மேற்குப்புறம் மழையும் ஆறும் மிகுதி. கிழக்குப்புறமோ வறட்சியால் வாடியது. வைகை ஆற்றை நம்பியிருந்த மக்கள் மழை பொய்த்த ஆண்டுகளில் பஞ்சத்தால் துன்புற்றனர். பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே திருப்பிவிட வேண்டும் என்பது திட்டம். 1887ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணி 1895ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதனை முன்னின்று நடத்தியவர் பென்னிகுவிக். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு எழுப்பப்பட்ட அந்த முல்லைப்பெரியாறு அணையின் நீர், சுரங்கத்தின் வழியாக மலையைக் கடந்து, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையை அடைகிறது.

அதன் பயனாகப் பள்ளத்தாக்கில் இரு போகம் நெல் விளைகிறது. திராட்சை படர்கிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் அந்நீரால் பயன்பெறுகின்றன. 2013ஆம் ஆண்டு சனவரியில் கூடலூருக்கு அருகிலுள்ள லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக்கிற்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஆனால் அம்மண்டபம் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, உழவர்கள் தங்கள் வீடுகளில் அவர் படத்தை மாட்டியிருந்தனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியோரும் உண்டு. அவர் பிறந்தது 1841ஆம் ஆண்டு சனவரி 15. தைப்பொங்கலை ஒட்டிவரும் அந்நாளில் பள்ளத்தாக்கின் ஊர்களில் அவர் நினைவாகப் பொங்கல் வைக்கின்றனர். தம் மொழியினரல்லர், தம் நாட்டினரல்லர், தம் சமயத்தினரல்லர்; எனினும் தண்ணீர் வந்த வழியை அம்மக்கள் மறக்கவில்லை.

அப்பத்தாவின் வீட்டில் அந்நாளில் இன்னொரு வழக்கமும் உண்டு. படத்துக்குப் பூச்சூட்டிய பிறகு அவர் ஒரு பூவைத் தனியே எடுத்துவைப்பார். அதனை எடுத்துச் சென்று வயலோரத்து வாய்க்காலில் விடுவார். சென்ற பொங்கலின்போது சிறுமி அதன் காரணத்தைக் கேட்டாள்.

"அது படம் இல்லாதவர்களுக்கு" என்றார் அப்பத்தா.

அணை கட்டப்பட்ட இடம் அடர்ந்த காடு. கொடிய காய்ச்சல் பரவிய மலை. கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் சுரங்கம் குடைந்தவர்களும் ஆயிரக்கணக்கானோர். காய்ச்சலாலும் வெள்ளத்தாலும் விபத்தாலும் அவர்களுள் பலர் உயிர் துறந்தனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோரின் படங்கள் இல்லை. பெயர்களும் நமக்குத் தெரியாது. வாய்க்காலில் மிதந்து செல்லும் பூ அவர்களுக்கு உரியது.

அன்று அதனைப் பெரிதாக எண்ணாத சிறுமிக்கு, மாடித் தொட்டி வற்றிய நாளில் அது விளங்கியது. பெரிய அணையைக் கட்டியவரை உலகம் எப்படியாவது அறிந்துகொள்கிறது. இருளில் எழுந்து மோட்டாரை இயக்குபவரை அறிவதற்கு அருகில் வாழ்பவர்தாம் முயலவேண்டும்.

5

மறுநாள் வகுப்பில் அவள் ஆசிரியையிடம், "நன்றி என்னும் சொல்லை ஏன் எழுதக்கூடாது என்றீர்கள், அம்மா?" என்று கேட்டாள்.

ஆசிரியை கரும்பலகையில் 'செய்ந்நன்றி அறிதல்' என்று எழுதினார். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்கு உரிய தலைப்பு அது. பத்துக் குறட்பாக்கள் கொண்ட அவ்வதிகாரத்தில் 'நன்றி' என்னும் சொல் வாயால் கூறும் நன்றியுரையைக் குறிப்பதன்று. ஒருவர் மற்றொருவருக்குச் செய்த நன்மையையே அது குறிக்கிறது. செய்ந்நன்றி என்றால் செய்த நன்மை. செய்ந்நன்றி அறிதல் என்றால், தமக்குச் செய்யப்பட்ட நன்மையைத் தெரிந்து மனத்தில் வைத்தல்.

"தமிழர் இதனை நன்றி சொல்லுதல் என்று கூறவில்லை, நன்றி அறிதல் என்றனர். சொல்வதற்கு ஒரு நொடி போதும். அறிவதற்கு நின்று பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், சில வேளைகளில் வெட்கப்படவும் வேண்டும். அறிந்தபின் சொன்னால் அச்சொல்லுக்கு எடை உண்டு. அறியாமல் சொன்னால் அது வெறும் வழக்கம். அதனால்தான் உங்களை அச்சொல் இல்லாமல் எழுதச் சொன்னேன்" என்று ஆசிரியை விளக்கினார்.

தமிழ் வீடுகளில் தாயிடமோ தந்தையிடமோ நன்றி என்று கூறும் வழக்கம் மிகுதியாக இல்லை. அச்சொல் உறவுக்கு இடையே ஒரு தொலைவை உண்டாக்கிவிடும் என்று பெரியோர் கருதினர். ஆயினும் நன்றியுணர்வு இல்லாமல் இல்லை. அது செயலில் வெளிப்பட்டது. தைத்திங்களில் புதுநெல்லின் முதற்பொங்கல் கதிரவனுக்குப் படைக்கப்படுகிறது. மறுநாள் உழவுக்குத் துணைநின்ற மாட்டின் கொம்புக்கு வண்ணம் பூசப்படுகிறது. ஆயுதபூசையன்று தையற்பொறியும் கத்தரிக்கோலும் மிதிவண்டியும் துடைக்கப்பட்டுப் பொட்டு இடப்படுகின்றன. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் பழமொழி சொல்லச் சொல்லவில்லை, நினைக்கச் சொல்கிறது.

இவ்வாறு நினைப்பவர்க்கும் அதனால் நன்மை விளைகிறது என்பதை இக்கால உளவியல் ஆய்வுகளும் காட்டுகின்றன. அமெரிக்க உளவியலறிஞர்களான இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களை மூன்று குழுவினராகப் பிரித்தனர். வாரத்துக்கு ஒருமுறையாகப் பத்து வாரங்கள், ஒரு குழுவினர் தமக்குக் கிடைத்த நன்மைகளையும், மற்றொரு குழுவினர் தமக்கு ஏற்பட்ட தொல்லைகளையும், மூன்றாம் குழுவினர் தம்மைப் பாதித்த ஏதேனும் நிகழ்ச்சிகளையும் எழுதினர். நன்மைகளை எழுதியவர்கள் தம் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட மிகுந்த நிறைவு கொண்டிருந்தனர். வரும் நாள்களை நம்பிக்கையுடன் நோக்கினர். தொல்லைகளை எழுதியவர்களைவிட உடற்பயிற்சியிலும் கூடுதல் நேரம் ஈடுபட்டனர்.

இதனால் நன்றியுணர்வு நோய்க்கு மருந்து என்று கருதிவிடலாகாது. துன்பம் வந்தபோது துன்பம் இல்லை என்று நடிப்பதும் நன்றியன்று. தவற்றைக் கண்டும் வாய்மூடி இருப்பதும் நன்றியன்று. மனித மனம் குறைகளை விரைவில் காணும் இயல்புடையது. குழாய் வற்றிய ஒரு நாளை அது மறப்பதில்லை. குழாய் ஓடிய பல்லாயிரம் நாள்களை எண்ணுவதே இல்லை. நன்மைகளைக் குறித்துவைக்கும் பழக்கம் அந்தக் கணக்கைச் சரிசெய்கிறது. தான் தனித்து விடப்படவில்லை, பலருடைய கைகள் தன்னைத் தாங்குகின்றன என்பதை ஒருவர் உணரும்போது மனம் அமைதி பெறுகிறது. பிறந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கு அவ்வுணர்வு இன்னும் தேவையானது. உறவினர் அருகில் இல்லாத நகரில், அறிமுகமில்லாதவர் செய்யும் உதவியால்தான் பல வீடுகளில் விளக்கு எரிகிறது.

6

பயிற்சியின் ஆறாம் நாள் மாலை, மளிகைக்கடைக்காரரிடமிருந்து பாபாஜியின் மகனுடைய தொலைபேசி எண்ணைத் தந்தை பெற்றுவந்தார். சிறுமி பேச அஞ்சினாள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, அவர் என்ன நினைப்பார் என்றெல்லாம் எண்ணினாள். இந்தியில் நான்கு வரிகளைத் தாளில் எழுதினாள், இரண்டை அடித்தாள்.

இத்தகைய தயக்கம் அவளுக்கு மட்டும் உரியதன்று. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்னும் ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைப் பற்றியது. தமக்கு உதவியவர்களுக்கு மடல் எழுதியோர், பெறுபவர் அடையும் மகிழ்ச்சியை உண்மையைவிடக் குறைவாக மதிப்பிட்டனர். பெறுபவர் சங்கடப்படுவார் என்று மிகையாக அஞ்சினர். எழுதியவர் சொற்களைப் பற்றிக் கவலைப்பட்டார். பெற்றவரோ அதிலிருந்த அன்பையே கண்டார். தயக்கத்தால் சொல்லப்படாமல் நின்றுபோகும் நல்ல சொற்கள் பல என்பதை அந்த ஆய்வு உணர்த்துகிறது.

மறுமுனையில் பாபாஜியின் குரல் கேட்டதும் சிறுமிக்குத் தாளில் எழுதியது மறந்துபோயிற்று.

"பாபாஜி, நான் மூன்றாம் மாடி..." என்று தொடங்கினாள்.

"தெரியுமே! பெரிய பையைச் சுமந்துகொண்டு இரண்டிரண்டு படியாக இறங்குவாயே, அந்தப் பிள்ளைதானே? தேர்வு நன்றாக எழுதினாயா?" என்று அவர் கேட்டார்.

அவள் திகைத்தாள். அவளுக்கு அவரைத் தெரியாது. அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. அவள் இறங்கும் முறையும், தேர்வு நடந்த மாதமும்கூடத் தெரிந்திருந்தன.

"பாபாஜி, உங்கள் பெயர் என்ன?"

முதியவர் சிரித்தார். பிறகு தம் பெயரைச் சொன்னார். அதனை அவள் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"நீங்கள் எங்களுக்காக நான்கு மணிக்கு எழுந்தது எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்" என்றாள். எண்ணிவைத்திருந்த வேறு எந்தச் சொல்லும் அவளுக்கு வரவில்லை.

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாடித் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தாது, மகளே. காற்றடித்தால் நகர்ந்துவிடும், புறா விழுந்துவிடும். அதன்மேல் ஒரு செங்கல் வைத்திருப்பேன். அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்" என்றார்.

7

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் குடியிருந்தோர் படிக்கட்டின் அடியில் கூடினர். மோட்டாரை இயக்கும் வேலையை வீட்டுக்கு ஒருவராக முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். இதுவரை ஒருவர் கூலியின்றிச் செய்த வேலைக்குப் பாராட்டு மட்டும் போதாது என்று சிறுமியின் தாய் கூறினார். "நன்றி என்னும் சொல் கூலிக்கு ஈடாகாது" என்றார். இரவெல்லாம் நோயாளிகளின் அருகில் கண்விழித்துப் பணிபுரிபவர் அவர். ஆதலால் அதனை நன்கு அறிந்திருந்தார். எல்லாரும் இயன்ற தொகையைக் கொடுத்தனர். பாபாஜியின் முழங்கால் மருத்துவத்துக்கு அது அனுப்பப்பட்டது. அவர் நலம்பெற்றுத் திரும்பி வந்தால், படிக்கட்டு வேலைக்கு வேறாகவும் மோட்டார் வேலைக்கு வேறாகவும் ஊதியம் தருவதென முடிவாயிற்று.

மூன்றாம் மாடியின் முறை புதன்கிழமையன்று வந்தது. தந்தையுடன் சிறுமியும் எழுந்தாள். மணி நான்கு. தெரு உறங்கிக்கொண்டிருந்தது. தரைத்தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை, முதலில் நூலாகவும் பிறகு கயிறாகவும் தடித்தது. குளிர்ந்த படியில் அமர்ந்து அவ்வோசையைக் கேட்டபடி காத்திருந்தபோது, பதினோராண்டுகள் என்பது எத்தனை விடியற்காலைகள் என்று அவள் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தாள். நாலாயிரத்துக்கும் மேல் வந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் இருவரும் மாடிக்கு ஏறினர். தொட்டியின் மூடி சற்றே விலகிக் கிடந்தது. செங்கல் கீழே விழுந்திருந்தது. அவள் மூடியை நேராக்கி, செங்கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள். கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தொலைவில் குன்றின்மேல் கோயில் விளக்கு தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது, இரவுப் பணி முடிந்த தாய் படியேறி வந்துகொண்டிருந்தார். சிறுமி எதிரே சென்று அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை; தாயும் ஒன்றும் கேட்கவில்லை. தாய் குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது.

பயிற்சி ஏழு நாள்களுடன் முடிந்துவிட்டது. எனினும் அவள் குறிப்பேட்டை மூடிவைக்கவில்லை. எட்டாம் பக்கத்தில் ஒரு புதிய பட்டியல் தொடங்குகிறது. அதன் தலைப்பு, 'இன்னும் பெயர் தெரியாதவர்கள்'. பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பால் பொட்டலம் போடுபவர், வகுப்பறையைக் கூட்டுபவர் என்று அப்பட்டியல் நீள்கிறது. ஒருவரின் பெயரைக் கேட்டு அறிந்ததும் அவரை அப்பட்டியலிலிருந்து நீக்கி, எதிர்ப்பக்கத்தில் அவருடைய பெயரை எழுதுகிறாள். அந்தப் பக்கத்தின் முதல் வரியில் கடவால் மலைப்பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவரின் பெயர் இருக்கிறது. அதன் எதிரே, 'தண்ணீர்' என்று ஒரே ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறது.